கணினிக்குத் தனி எர்த்

நிலவு, மேட்டடி நிலையம். முதல் நாள், காலை 6.40

காற்றுப் பம்பு சீராக ஓடுகிறது. தண்ணீர்த் தொட்டி முக்கால். கீரைத் தட்டில் இரண்டு வரிசை முளைத்துவிட்டது, மூன்றாவது என்னை ஏமாற்றிவிட்டது.

புதிதாக வந்து படிப்பவருக்காக: நான் ஜெசிந்தா பர்னாந்து, தூத்துக்குடி. இங்கே மின்சாரமும் தகவல் தொடர்பும் என் பொறுப்பு. நிலையத்தில் மொத்தம் இரண்டு பேர். இன்னொருவர் சதக்கத்துல்லா, காயல்பட்டினத்துக்காரர், பாறை ஆய்வாளர். என்னைவிட மூத்தவர் என்பதால், அவர் ஊரில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல், காக்கா என்று கூப்பிடுவேன். இந்த வாரம் அவர் மேட்டுக்கு அந்தப் பக்கம், துளைமுகாமில் தனியாகப் பாறையைத் துளைத்துக்கொண்டிருக்கிறார். மேட்டின் உச்சியில் ஒரு ரேடியோக் கம்பமும், அவசரத்துக்கு ஒதுங்க ஒரு சின்ன அறையும் இருக்கின்றன. நாங்கள் பேசிக்கொள்வதும் பூமியோடு பேசுவதும் அந்தக் கம்பத்தின் தயவில்தான்.

காலைப் பேச்சு:

"ஜெசி, என் வண்டி பேட்டரி சார்ஜ் ஏற மாட்டேங்குது. குளிர்ல செத்துட்டுன்னு நினைக்கேன். முடிவு."

"என் வண்டி பேட்டரி சார்ஜ் ஏற மாட்டேங்குது. குளிர்ல செத்துட்டுன்னு நினைக்கேன். முடிவு."

"சரி. சாயா குடிச்சியா? இது திரும்பப் படிக்க வேண்டாம்."

இது காக்காவின் சட்டம். பள்ளிக்கூட நாளிலிருந்தே அமெச்சூர் ரேடியோ ஆள். கேட்டவர் கேட்டதை எழுத்து மாறாமல் திரும்பப் படிக்க வேண்டும். "என் வண்டி" என்று அவர் சொன்னால் நானும் "என் வண்டி" என்றே சொல்ல வேண்டும். மரியாதைக்கு "உங்க வண்டி" என்று திருத்தினால் முழுச் செய்தியையும் முதலிலிருந்து அனுப்புவார். திரும்பப் படிக்காவிட்டால், செய்தி போய்ச் சேரவில்லை என்று பொருள். வேலைச் செய்தி முடிந்ததும் ஒரு கேலியோ விசாரிப்போ ஒட்டிவிட்டு, அதற்கு மட்டும் திரும்பப் படிப்பதிலிருந்து விலக்குக் கொடுப்பார். முதல் மாதம் எனக்கு எரிச்சலாக வந்தது. இப்போது பழகிவிட்டது.

முதல் நாள், 11.05

கம்பம் போய்விட்டது. விழுந்ததா, எதுவும் வந்து மோதியதா, தெரியவில்லை. பூமியும் இல்லை, காக்காவும் இல்லை. விண்வெளி உடுப்பில் இருக்கும் ரேடியோ, கம்பம் இல்லாவிட்டால் கூப்பிடு தூரம்தான் எட்டும்.

தொடர்பு அறுந்தால் என்ன செய்வது என்று சுவரில் ஒட்டியிருக்கிறது. முகாமில் இருப்பவர் ஒரு முழு நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் நிலையத்திலிருந்து செய்தி வராவிட்டால், மேட்டு அறைக்கு நடக்க வேண்டும். அங்கே மாற்றுக் காற்றுப் புட்டி இருக்கும். அதை மாட்டிக்கொண்டு இந்தப் பக்கம் இறங்கலாம். உடுப்பில் உள்ள காற்று மேடு ஏறும்வரை வரும். அதற்குமேல் வராது.

அந்தப் புட்டி அறையில் இல்லை. வால்வு கசிகிறது என்று நேற்று நான்தான் போய், அதையே மாட்டிக்கொண்டு இறங்கி, கொண்டுவந்தேன். சரிசெய்து, நிரப்பி, இதோ கதவோரம் சாய்த்து வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும், இன்று மாலைப் பேச்சில் சொல்வதாக இருந்தேன்.

காக்கா விதியை மீறுகிற ஆள் இல்லை. நாளை இதே நேரத்துக்கு எழுந்து நடப்பார், காற்றில்லாத அறையைப் பார்த்து நடப்பார். அதற்குள் அவரைத் தடுக்க வேண்டும்.

முதல் நாள், 11.50

நிலையத்தில் இருக்கும் இன்னொரு வண்டியை ஆளில்லாமல் அனுப்பிவிட்டேன். பழைய தடத்தைப் பிடித்துத் தானாகவே போகும், முகாமில் காத்து நிற்கும். காற்று அதற்குள்ளேயே உண்டு, ஆனால் ஒருவர் உட்காரத்தான் இடம். மேட்டில் ஏறாது, சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். காக்கா கிளம்பி இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அங்கே சேரும்.

புட்டியைத் தூக்கிக்கொண்டு நானே மேட்டுக்கு ஏறலாமா என்றும் யோசித்தேன். நேற்றுப்போல் இன்றும் நிலையத்தைக் காலியாக விடக்கூடாது, பம்பின் வடிகட்டியை மாற்ற ஆள் வேண்டும். அதைவிட ஒரு செய்தி அனுப்புவது சுலபம்.

முதல் நாள், 15.30

எங்கள் இருவரிடமும் ஆளுக்கொரு அமெச்சூர் ரேடியோ உண்டு. ஓய்வு நேரத்துக்கென்று கொண்டுவந்தது. அதன் நீண்ட அலை மேட்டைத் தாண்டிக் கொஞ்சம் வளைந்து இறங்கும். குரல் புரியாது. ஆனால் செய்தியைக் கணினியில் தட்டி, ஒலியாக்கி ரேடியோவில் விட்டால், அந்தப் பக்கத்துக் கணினி அந்த மெலிந்த ஒலியைச் சேர்த்துச் சேர்த்து மறுபடி எழுத்தாக்கிவிடும். ஒரு செய்திக்குப் பத்து நிமிடம் ஆகும். ஆகட்டும். காக்காவும் இதைத்தான் முயல்வார், இது அவர் விளையாட்டு.

ரேடியோவையும் கணினியின் சவுண்ட் கார்டையும் கேபிள் போட்டு இணைத்துவிட்டேன். ரேடியோவுக்குப் பம்பு அறையின் உலோகச் சட்டத்தில் எர்த் எடுத்தேன். கணினிக்கு வசிப்பறைச் சட்டத்தில் தனி எர்த். எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் வாங்கினால் முதலில் அதற்கென்று தனியாக எர்த் போடுவோம். இங்கே மண் உலர்ந்த மாவு, மின்சாரம் கடத்தாது, குழி வெட்டித் தண்ணீர் ஊற்ற வழியில்லை. ஆனாலும் என் வேலையில் குறை இருக்கக்கூடாது.

'ம்ம்' என்று கொஞ்சம் ஹம் இரைச்சல் அடிக்கிறது. கல்யாண வீட்டு மைக் செட் மாதிரி. பம்பு மோட்டார் அருகில் இருக்கிறது, வராமல் இருக்குமா? பெரிதுபடுத்தவில்லை.

நான் அனுப்பும்போதுகூடக் கணினியின் காதை மூடவில்லை. காக்கா குறுக்கே பேசினால் ஓர் எழுத்துகூடத் தவறக்கூடாது.

முதல் நாள், 18.20

கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது!

அனுப்பியது: "காக்கா நடக்காதீங்க. மேட்டு அறையில புட்டி இல்ல. வண்டி வருது. முகாம்லயே இருங்க. முடிவு."

பத்து நிமிடம் கழித்துத் திரையில் வந்தது: "காக்கா நடக்காதீங்க. மேட்டு அறையில புட்டி இல்ல. வண்டி வருது. முகாம்லயே இருங்க. முடிவு."

எழுத்து மாறவில்லை. "காக்கா" என்பதைக்கூட மாற்றவில்லை, அந்த மனிதரின் பிடிவாதமே பிடிவாதம். இரண்டாம் முறை அனுப்பினேன், இரண்டாம் முறையும் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். எழுதுவதில் வெட்கமில்லை. பிறகு முகத்தைக் கழுவிவிட்டு இரண்டு ஆள் சாப்பாட்டை நான் ஒருத்தியே சாப்பிட்டேன்.

கடைசியில் கேலி எதுவும் இல்லை. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறார் போல.

இரண்டாம் நாள், காலை 7.15

நன்றாகத் தூங்கினேன். பம்பு சரி. வடிகட்டி மாற்றினேன்.

அனுப்பியது: "காக்கா உடம்பு எப்படி இருக்கு? காத்து எவ்வளவு மிச்சம்? முடிவு."

வந்தது: "காக்கா உடம்பு எப்படி இருக்கு? காத்து எவ்வளவு மிச்சம்? முடிவு."

திரும்பப் படித்தாயிற்று, சரி. பதில் எங்கே? அரை மணி நேரம் காத்திருந்தேன். மறுபடி கேட்டேன். மறுபடி என் கேள்வியே வந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல என்ன கேடு இவருக்கு? சட்டம் பேசுவதற்கும் ஓர் அளவு உண்டு. வந்ததும் சண்டை போடப் போகிறேன்.

இரண்டாம் நாள், 9.30

நிதானமாக எழுத முயல்கிறேன்.

வெயில் மேட்டைத் தொட்டதும் வெளியே தூசியில் மின்னேற்றம் கூடியது, ஆன்டெனாக் கம்பியில் பொறி தட்டியது. ரேடியோ கருகிவிடுமே என்று, ஒரு செய்தி போய்க்கொண்டிருந்த நேரத்திலேயே ஆன்டெனாக் கம்பியை ரேடியோவிலிருந்து கழற்றி ஓரமாக வைத்தேன். அனுப்புவதை நிறுத்த மறந்துவிட்டேன். செய்தி எங்கும் போயிருக்க முடியாது. பதிலும் எங்கிருந்தும் வந்திருக்க முடியாது.

பத்து நிமிடத்தில் திரையில் வந்தது. எழுத்து மாறாமல்.

ஆன்டெனாக் கம்பி என் காலடியில் சுருண்டு கிடக்கிறது. இன்னொன்று அனுப்பிப் பார்த்தேன். "ஜெசிந்தா ஒரு மடச்சி." திரும்பப் படித்தது.

நேற்று மாலையிலிருந்து நான் என்னோடுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள், 9.55

காரணம் தெரிந்துவிட்டது. எழுதிவைக்கிறேன், இனி ஒருவரும் இதைச் செய்யக்கூடாது.

பம்பு அறைச் சட்டமும் வசிப்பறைச் சட்டமும் ஒரே மின்னழுத்தத்தில் இல்லை. நடுவே இருப்பது இந்த உலர்ந்த மண். ஊரில் ஈர மண் இரண்டு எர்த்தையும் ஓரளவு சமன்செய்துவிடும். இங்கே செய்யாது. இரண்டையும் சேர்க்கும் ஒரே கம்பி, நான் போட்ட ஆடியோ கேபிளைச் சுற்றியிருக்கும் உலோக வெளிவலை. மோட்டாரின் மின்சாரம் அதன் வழியே வசிப்பறைக்கும் பம்பு அறைக்கும் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. அதுதான் ஹம். போகும் ஒலிக்கும் வரும் ஒலிக்கும் அதே வலைதான் திரும்பும் வழி. ஆகவே நான் அனுப்புவதில் ஒரு துளி அங்கேயே திரும்பி, திறந்து வைத்திருந்த கணினியின் காதில் விழுகிறது. மெலிந்த ஒலியையும் எழுத்தாக்குவதுதான் அதன் வேலை. அது தன் வேலையைச் செய்தது.

வெளியே போனது ஹம் கலந்த குப்பை. காக்காவின் கணினியால் அதைப் படிக்க முடிந்திருக்காது. அவர் அனுப்பியதும் இந்த ஹம்முக்கு அடியில் புதைந்து கிடந்திருக்கும்.

அவருக்கு ஒரு சொல்லும் போகவில்லை. இன்னும் ஒரு மணி நேரத்தில் எழுந்து நடப்பார்.

இரண்டாம் நாள், 10.50

கணினியின் எர்த்தை அறுத்து, ரேடியோவின் எர்த்தோடு ஒரே இடத்தில் சேர்த்தேன். ஹம் பாதி குறைந்தது, போகவில்லை. கணினிக்கு மின்சாரம் வசிப்பறை வழியாகத்தான் வருகிறது, அது தன் பங்குக்கு ஒரு பாலம். கேபிளைத்தான் பிரிக்க வேண்டும். உள்தொலைபேசி இரண்டை உடைத்து அவற்றிலிருந்த சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர்களை எடுத்தேன். போகும் ஒலிக்கு ஒன்று, வரும் ஒலிக்கு ஒன்று. ஒலி தாண்டும், கம்பி தாண்டாது. அனுப்பும் பொத்தானின் கம்பிக்குப் பழைய சார்ஜரிலிருந்து ஆப்டோ ஒன்று. அதற்குள் ஒரு பக்கம் விளக்கு எரிய, மறுபக்கம் அதைப் பார்த்து வேலை செய்யும்.

எல்லாவற்றையும் ஒழுங்காக ஓர் அலுமினியப் பெட்டியில் அடக்கி, இரண்டு பக்கமும் உலோகச் சாக்கெட் முறுக்கி, மூடியும் போட்டேன்.

ஹம் அப்படியே இருக்கிறது. அப்படியே.

இரண்டாம் நாள், 11.00

பெட்டி. பெட்டிதான்! இரண்டு சாக்கெட்டின் உடம்பும் அலுமினியத்தைத் தொடுகிறது. உள்ளே ட்ரான்ஸ்ஃபார்மர் பிரித்ததைப் பெட்டி வெளியே சேர்த்துவிட்டது. அழகு பார்த்த கைக்கு நல்ல பரிசு. காக்காவின் பிளாஸ்டிக் சோற்று டப்பாவைக் கவிழ்த்துத் துடைத்து எடுத்திருக்கிறேன். துளை போட வேண்டும். சால்டர் கோல் ஆறிவிட்டது.

ஐந்து நிமிடம்தான் இருக்கிறது. காக்கா, கொஞ்சம் உட்காருங்கள். இந்த ஒரு தடவை சட்டத்தை மீறுங்கள்.

இரண்டாம் நாள், 11.50

ஹம் நின்றுவிட்டது. ஆன்டெனாவை மாட்டினேன். இவ்வளவு அமைதியை இந்த அறையில் நான் கேட்டதே இல்லை.

செய்தியை அனுப்பினேன். திரும்ப எதுவும் வரவில்லை. ஒன்றும் வராததுதான் சரி என்று தெரிந்தும் கேபிளை இரண்டு முறை சரிபார்த்தேன்.

பிறகு வந்தது. என் சொல் இல்லை, அவர் சொல்:

"ஜெசி, இது தானா ஓடுற செய்தி, கால் மணிக்கு ஒருக்கா, நாலு தடவ மட்டும் வரும். நேத்துலேர்ந்து உன்கிட்டேர்ந்து ஹம் மட்டும்தான் கேக்குது, எழுத்து வரல. ஹம் அடிக்குதுன்னா நீ உயிரோட இருக்கேன்னு அர்த்தம், அது போதும். நேரம் முடிஞ்சுட்டு. மேட்டு அறைக்கு நடக்கேன். புட்டிய மாட்டிக்கிட்டு இறங்கி வாறேன். முடிவு."

நாற்பத்தைந்து நிமிடம் பிந்திவிட்டேன்.

இரண்டாம் நாள், 12.25

கிளம்புகிறேன். உடுப்பு போட்டாயிற்று, கையுறை மட்டும் பாக்கி. இதை எடுத்துப் படிப்பவருக்குச் சில வார்த்தைகள்.

புட்டியை முதுகில் கட்டியிருக்கிறேன். வேகமாக ஏறினால் காக்கா அறைக்கு வந்து கொஞ்ச நேரத்தில் நானும் போய்விடுவேன். அவர் உடுப்பில் அப்போது கடைசிக் காற்று இருக்கும். அந்த ஒரு புட்டியை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கிவிடலாம். நேற்றே ஏறியிருக்கலாம். இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். இதை நினைக்க நினைக்க என்மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

அவர் அறையில் இல்லையென்றால் வழியில் எங்கோ விழுந்து கிடக்கிறார் என்று பொருள். என் உடுப்பிலும் காற்று மேடு ஏறும்வரைதான், ஆனாலும் அந்தப் பக்கச் சரிவில் இறங்கித் தேடுவேன். கிடைக்கும்வரை புட்டியைத் தொடமாட்டேன், அது அவருடையது.

ஏறும்போது அவர் திரும்பிப் பார்த்து வண்டி விளக்கைக் கண்டால் முகாமுக்கே திரும்பிவிடுவார். ஆனால் இந்தத் தலைக்கவசத்தில் கழுத்தே திரும்பாது. அதை நம்பி இங்கே உட்கார முடியாது. ஆனாலும் அப்படி நடந்தால் அவர் மறுபடி கிளம்பிவிடக்கூடாது. அதற்காகக் கணினிக்கு இரண்டு வேலை கொடுத்திருக்கிறேன். ஒன்று, நேற்றைய செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பும். இரண்டு, அவர் என்ன தட்டினாலும் எழுத்து மாறாமல் திரும்பப் படிக்கும். திரும்பப் படிக்காவிட்டால் போய்ச் சேரவில்லை என்று நினைத்து எழுந்து நடக்கிற மனிதர் அவர்.

நான் வெளியே போவதை எந்தச் செய்தியிலும் எழுதவில்லை. எழுதினால் என்னைத் தேடி வருவார்.

டப்பாவைத் திறக்காதீர்கள். இரண்டு பக்கத்துக் கம்பியையும் சேர்க்காதீர்கள். கீரைக்குத் தண்ணீர்

போகிறேன்.

தானியங்கிப் பதிவு. இரண்டாம் நாள்

13.30 அனுப்பியது: காக்கா நடக்காதீங்க. மேட்டு அறையில புட்டி இல்ல. வண்டி வருது. முகாம்லயே இருங்க. முடிவு.

14.00 அனுப்பியது: காக்கா நடக்காதீங்க. மேட்டு அறையில புட்டி இல்ல. வண்டி வருது. முகாம்லயே இருங்க. முடிவு.

14.20 வந்தது: ஜெசி, நான்தான், முகாம்லேர்ந்து. சரிவுல மூச்சு வாங்க மல்லாக்கச் சாய்ஞ்சேன், கீழ வண்டி விளக்கு தெரிஞ்சுது. திரும்பி வந்துட்டேன். நல்லா இருக்கேன். முடிவு.

14.21 அனுப்பியது: ஜெசி, நான்தான், முகாம்லேர்ந்து. சரிவுல மூச்சு வாங்க மல்லாக்கச் சாய்ஞ்சேன், கீழ வண்டி விளக்கு தெரிஞ்சுது. திரும்பி வந்துட்டேன். நல்லா இருக்கேன். முடிவு.

14.45 வந்தது: அல்ஹம்துலில்லாஹ், இப்பதான் உன் எழுத்து தெளிவா வருது. ஹம்ம எப்படி நிறுத்துன? புட்டி இல்லன்னு படிச்சதும் உடம்பெல்லாம் வேர்த்துட்டு. நீ நிலையத்த விட்டு எங்கயும் நகராத, நான் வண்டில வாறேன். பதிலு நேர்ல சொல்லு, பேட்டரி கம்மியா இருக்கு. முடிவு.

14.46 அனுப்பியது: அல்ஹம்துலில்லாஹ், இப்பதான் உன் எழுத்து தெளிவா வருது. ஹம்ம எப்படி நிறுத்துன? புட்டி இல்லன்னு படிச்சதும் உடம்பெல்லாம் வேர்த்துட்டு. நீ நிலையத்த விட்டு எங்கயும் நகராத, நான் வண்டில வாறேன். பதிலு நேர்ல சொல்லு, பேட்டரி கம்மியா இருக்கு. முடிவு.

15.05 வந்தது: எழுத்து மாறாம படிச்சுட்டே, நல்ல பிள்ள. இப்ப நிம்மதி. வண்டில ஏறப் போறேன். நாளைக்குச் சாயங்காலம் வந்துருவேன், சாயா போட்டு வை. இது திரும்பப் படிக்க வேண்டாம்.

15.06 அனுப்பியது: எழுத்து மாறாம படிச்சுட்டே, நல்ல பிள்ள. இப்ப நிம்மதி. வண்டில ஏறப் போறேன். நாளைக்குச் சாயங்காலம் வந்துருவேன், சாயா போட்டு வை. இது திரும்பப் படிக்க வேண்டாம்.

15.30 அனுப்பியது: காக்கா நடக்காதீங்க. மேட்டு அறையில புட்டி இல்ல. வண்டி வருது. முகாம்லயே இருங்க. முடிவு.

16.00 வந்தது எதுவும் இல்லை. ஹம் இல்லை. இணைப்பு நன்றாக உள்ளது.